ஒரு ரியாலுக்குப் பன்னிரண்டு

9 ஜூலை 2025, புதன்

சாரல் விடவில்லை. ஐந்தருவிக்குப் போகிற வண்டிகள் லாட்ஜ் வாசலை அடைத்துக்கொண்டு ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தன. மதுரையிலிருந்து ஒரு குடும்பம். வாடகை எவ்வளவு என்று கேட்காமலே பைகளை இறக்கிவிட்டார்கள். எங்கள் மேனேஜர் ஜெபசிங் சார் ஏறக்குறைய இரட்டிப்பாகச் சொன்னார். கட்டினார்கள். அடுத்து வந்தவர் கண்ணாடிக் கதவைத் திறந்ததும் ரேட் கேட்டார். அவருக்கு வழக்கமான வாடகை. அதே மாடி, பக்கத்து அறை.

ஏன் சார் என்றேன்.

"கேக்கவனுக்கு ஒரு ரேட்டு, கேக்காதவனுக்கு ஒரு ரேட்டு. அதாம்மா சீசன்."

ரிசப்ஷனில் என்னோடு நிற்கும் பொன்செல்வி மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள். பேசாதே என்று அர்த்தம். பேசவில்லை. எத்தனை நாளைக்கு?

வீட்டில் உம்மாவின் உம்ரா பேச்சுதான். ஐம்பத்தொரு வயதில் உம்மா தாண்டிய அதிகபட்சத் தூரம் திருநெல்வேலி ஆஸ்பத்திரி. என் சம்பளத்தில் போட்ட சீட்டும், உம்மா விற்ற ஒற்றை வளையலும் சேர்ந்து பயணத்துக்குக் கட்டியாகிவிட்டது. கூட்டிப் போகிறவர் பெரிய வாப்பா. வாப்பாவின் அண்ணன், துல்கர்னைன். தென்காசியில் ரெடிமேட் கடை, மேலே இரண்டு மாடி. வருஷா வருஷம் ஒரு குழுவைச் சேர்த்து மக்காவுக்கு அழைத்துப் போவார். வாப்பா போகவில்லை. சர்க்கரை, காலில் ஆறாத புண். சவூதியில் தம்மாமில் குழாய்க் கம்பெனியில் இருந்த பதினேழு வருஷத்தில் அவர் பலமுறை செய்துவிட்டார்.

விசாவுக்காக உம்மாவின் பாஸ்போர்ட் பெரிய வாப்பாவிடம் இருக்கிறது. எழுதும்போதே எனக்குப் பிடிக்கவில்லை.

13 ஜூலை, ஞாயிறு

பெரிய வாப்பா வீட்டு மாடியில் குழுவின் கூட்டம். தென்காசி ஆட்கள் பாதி, அச்சன்புதூர் ஆட்கள் பாதி. இஹ்ராம் துணி கட்டுவது, செருப்பைத் தொலைக்காமல் இருப்பது, வழி தவறினால் எந்த வாசலில் நிற்பது என்று எல்லாம் சொன்னார். நன்றாகத்தான் சொன்னார், அதை மறுக்கவில்லை. கடைசியில் கைச்செலவுப் பணம். போன வருஷம் ஒரு பெண் கூட்டத்தில் பர்ஸைப் பறிகொடுத்து அங்கேயே உட்கார்ந்து அழுதாளாம். அதனால் இந்த வருஷம் பெண்கள் எல்லோரும் ரூபாயை அவரிடம் கொடுத்துவிட வேண்டும். அவர் மொத்தமாக ரியாலாக மாற்றி, தன் இடுப்பு பெல்ட்டில் வைத்திருந்து, கேட்கும்போது கொடுப்பார். பெல்ட்டை எடுத்தும் காட்டினார். பச்சை நிறம், மூன்று ஜிப்.

பெண்கள் தலையாட்டினார்கள். உம்மாவும்.

நான் கேட்டேன்: என்ன ரேட்டுக்கு மாற்றுவீர்கள்?

சிரித்தார். "ஏட்டி, லாட்ஜ்ல ரூம் வாடக சொல்லி சொல்லி ஒனக்கு எதப் பாத்தாலும் ரேட்டாத் தெரியுது."

எல்லோரும் சிரித்தார்கள். ரேட்டை மட்டும் அவர் சொல்லவில்லை.

14 ஜூலை, திங்கள்

ஆண்களிடம் ஏன் கேட்கவில்லை? ஆண்களின் பர்ஸ் தொலையாதா?

19 ஜூலை, சனி

வார விடுப்பு. கையில் கொஞ்சம் ரியால் உம்மா பெயரிலேயே வாங்கிவிடலாம் என்று பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற பணம் மாற்றும் கடைக்குக் கூட்டிப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் ஒருவர், சட்டையில் ஜஸ்டின் என்று பெயர்ப்பட்டை. பாஸ்போர்ட், விசா நகல், டிக்கெட், பான் கார்டு எல்லாம் கேட்டார். பாஸ்போர்ட் இல்லையென்றால் தர முடியாது. சரி, ரேட்டாவது தெரிந்துகொண்டு போகலாம் என்றேன். பலகையைக் காட்டினார்: விற்பது 23.90, வாங்குவது 22.40.

உம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வா போவோம். ஏமாத்துதான்."

என்ன என்றேன். ஜஸ்டினுக்குக் கேட்கும்படியே சொன்னாள்: "ஒரு ரியாலு பன்னெண்டு ரூவா. எனக்குத் தெரியாதாக்கும்? நான் என்ன இன்னைக்கு நேத்தா ரியாலக் கேக்கேன்?"

ஜஸ்டின் கோபப்படவில்லை. பன்னிரண்டு என்பது தான் பள்ளிக்கூடம் போன காலத்து ரேட் என்றார். அந்த விலைக்கு உம்மாவிடம் இருந்தால் அவரே எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வாராம். பின்னால் நின்றவர் சிரித்தார். உம்மா பர்தாவை இழுத்துவிட்டுக்கொண்டு அசையாமல் நின்றாள். ஜஸ்டினுக்கே சங்கடமாகியிருக்க வேண்டும். ஒரு நோட்டை எடுத்துக் கண்ணாடியோடு ஒட்டிக் காட்டினார். அரபி எழுத்துப் பக்கம். நான் திருப்பச் சொல்வதற்குள் உம்மா, "அம்பது," என்றாள். குர்ஆனில் வசன எண் பார்த்துப் பழகிய கண். இங்கிலீஷில் தன் பெயரை எழுதவே திணறுகிறவள்.

பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகு உம்மா கேட்டாள்:

"எப்பலேர்ந்துட்டி அது பன்னெண்டு இல்ல?"

20 ஜூலை, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் எதையாவது உடைப்பேன்.

வாப்பா பணம் அனுப்பியது பெரிய வாப்பாவின் வங்கிக் கணக்குக்கு. உம்மாவுக்குக் கணக்கே கிடையாது. வாப்பா ஃபோனில், இந்த மாதம் ஆயிரம் ரியால் அனுப்பியிருக்கிறேன் என்பார். மாதத் தொடக்கத்தில் உம்மா பெரிய வாப்பா கடையின் பின்வாசலுக்குப் போவாள். சின்ன வயதில் நானும் போயிருக்கிறேன். சட்டை அட்டைப் பெட்டிகளின் வாசனை இப்போதும் நினைவிருக்கிறது. பெரிய வாப்பா கால்குலேட்டரைத் தட்டி உம்மா பக்கம் திருப்பிக் காட்டுவார். ஆயிரம் பெருக்கல் பன்னிரண்டு. எண்ணிக் கொடுப்பார். வாப்பா போன புதிதில் அதுதான் ரேட். நேற்று ஃபோனில் தேடிப் பார்த்தேன். பிறகு பதினான்கு ஆனது, பதினாறு ஆனது, பதினெட்டு, இருபது. பின்வாசலில் மட்டும் ஏறவே இல்லை.

எனக்கு ரேட் தெரியும், உம்மா கையில் எவ்வளவு வருகிறது என்று தெரியாது. உம்மாவுக்குக் கையில் வருவது தெரியும், ரேட் தெரியாது. ஒரே பாயில் படுத்துக்கொண்டு இத்தனை வருஷமாக நாங்கள் இரண்டு பேரும் இதைச் சேர்த்துப் பேசியதே இல்லை.

நர்சிங் சேர வேண்டும் என்றபோது பணம் பத்தாது என்றார்கள். உம்மா ராப்பகலாக ஜாக்கெட் தைத்தும் பத்தவில்லை. அந்த வருஷம்தான் பெரிய வாப்பா இரண்டாவது மாடி எழுப்பினார்.

மொத்தம் எவ்வளவு என்று கணக்குப் போடப் பேனாவை எடுத்தேன். உம்மா பிடுங்கிக்கொண்டாள். "போடாத. தொகையச் சொன்னா, ஏதோ ஒண்ணக் குடுத்து முடிச்சிருவாங்க."

அது எனக்குத் தோன்றவில்லை.

22 ஜூலை, செவ்வாய்

வாப்பாவிடம் கேட்டேன். காலில் துணி மாற்றிக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியாமல் இருக்க வேண்டும் என்று கேட்கும்போதே வேண்டிக்கொண்டேன். கம்பெனி லைனில் எல்லோரும் அன்றாடம் ரேட் பேசுவார்கள், ஏறின பிறகு அனுப்பலாம் என்று காத்திருப்பார்கள். எப்படித் தெரியாமல் இருக்கும்?

தெரியுமாம். மீதிப் பணத்துக்கு இடம் வாங்கிப் போடுகிறேன் என்று அண்ணன் சொன்னாராம். யார் பெயரில் என்றேன். குடும்பத்துக்குத்தான் என்றார். குடும்பம் என்றால் யார் என்றேன். துணியின் முடிச்சை இறுக்கினார். பிறகு மெதுவாக:

"ஒங்க உம்மாட்ட நான் ரேட்டே சொன்னதில்ல. அவளும் கேட்டதில்ல."

அடுக்களையிலிருந்து உம்மாவின் குரல் வந்தது. சத்தம் போடவில்லை.

"கேட்டேன். கேட்ட அன்னைக்கு ஃபோன வச்சிட்டீங்க."

வாப்பா துணியைச் சுற்றியதையே மறுபடி அவிழ்த்துச் சுற்றினார். எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. அந்த இரக்கத்தின்மேல் கோபம் வந்தது. தம்மாம் வெயிலில் நின்றவர் அவர். சரி. அந்த வெயிலின் விலை என்ன என்று அவர் பெண்டாட்டிக்குத் தெரியக் கூடாதா?

25 ஜூலை, வெள்ளி

லாட்ஜில் வாடகைப் பலகை சுவரைப் பார்த்துக் கிடந்தது. வெளியே தெரியும்படி திருப்பி வைத்தேன். ஜெபசிங் சார் உள்ளே திருப்பினார். அவர் சாப்பிடப் போனதும் மறுபடி திருப்பினேன். "வேலய விட்டுத் தூக்கப் போறான், அப்பத் தெரியும்," என்றாள் பொன்செல்வி. மூன்றாவது முறை திருப்பியது அவள்.

2 ஆகஸ்ட், சனி

பாஸ்போர்ட் கேட்டு உம்மாவும் நானும் பெரிய வாப்பா கடைக்குப் போனோம். முன்வாசல் வழியாக. இதுவே முதல் முறை என்று உம்மா படியேறும்போது சொன்னாள்.

தன் பணத்தைத் தானே மாற்றி வைத்துக்கொள்கிறேன், பாஸ்போர்ட்டைக் கொடுங்கள் என்று கேட்டாள். அந்த ஒரு வரியை வீட்டிலேயே சொல்லிப் பார்த்திருந்தாள். பெரிய வாப்பா என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். குழு என்றால் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒருத்திக்கு விட்டால் எல்லோரும் கேட்பார்கள். பாஸ்போர்ட் ஏர்போர்ட்டில்தான் கைக்கு வரும். ரூபாயைக் கட்டாதவர்கள் பெயரை எடுத்துவிடுவார். கட்டிய பணம் திரும்பாது.

வெளியே வந்ததும் போலீசுக்குப் போகலாம் என்றேன். இல்லை, ஜமாஅத்தில் எழுதிக் கொடுக்கலாம். இரண்டு மாடியின் வாசலில் நின்று கத்தலாம். எதற்கும் நான் தயார்.

"சும்மா இருட்டி," என்றாள் உம்மா. "பயணம் சொல்ல வருவாங்கல்லா. வரட்டும்."

எனக்குப் புரியவில்லை. பொறுமை பொறுமை என்று இன்னும் எவ்வளவு நாள் என்று ரோட்டிலேயே சண்டை போட்டேன். உம்மா கறிவேப்பிலை வாங்கினாள்.

10 ஆகஸ்ட், ஞாயிறு

இதை வரி விடாமல் எழுத வேண்டும்.

உம்ராவுக்குப் போகிறவர்கள் கிளம்பும் முன் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய்ப் பயணம் சொல்ல வேண்டும். நான் ஏதும் தப்பு செய்திருந்தால் பொருந்திக்கொள்ளுங்கள், மனசார மன்னித்துவிடுங்கள் என்று கேட்க வேண்டும். மனுஷனுக்கு மனுஷன் வைத்த பாக்கியை அப்படியே கழுத்தில் மாட்டிக்கொண்டு அங்கே போய் நிற்கக் கூடாது. கேட்பவர் ஒரே மூச்சில் கேட்பார், மற்றவர் ஒரே மூச்சில் பொருந்திக்கிட்டேன் என்பார், டீ வரும். நான் பார்த்தவரை அவ்வளவுதான்.

மத்தியானம் எங்கள் வீட்டில் கூட்டம். உம்மாவை வழியனுப்ப அச்சன்புதூர் சொந்தங்கள், குழுவில் போகிற நான்கைந்து பெண்கள், பக்கத்து வீடுகள். பெரிய வாப்பா வெள்ளை ஜிப்பாவில் வந்தார், பெரியம்மா ஷரீபுன்னிசாவோடு. வாப்பாவைக் கட்டிப்பிடித்துக் கேட்டார். வாப்பா தலையசைத்தார். அடுத்து உம்மாவிடம் வந்து நின்றார்.

"ஏதும் இருந்தா பொருந்திக்கோ புள்ள."

"எத மச்சான்?"

"எதுன்னு இல்ல. பொதுவா."

"பொதுவா உள்ளதப் பொருந்திக்கிட்டேன். ரேட்டத்தான் பொருந்தல."

"என்ன ரேட்டு?"

"ரியால் ரேட்டு. கடைசி வரைக்கும் பன்னெண்டுன்னு குடுத்தீங்க. எந்தெந்த வருஷம் எவ்வளவு இருந்துதுன்னு நீங்களே ஒங்க வாயால சொல்லுங்க. எதப் பொருந்திக்கிடணும்னு தெரிஞ்சாத்தான பொருந்திக்கிட முடியும்?"

அச்சன்புதூர் மாமா குடித்துக்கொண்டிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். அந்தச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. பெரிய வாப்பா வாப்பாவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அண்ணனுக்காக வாப்பா ஒரு வார்த்தை பேசியிருந்தால் இன்றோடு அவரோடு பேசுவதையே விட்டிருப்பேன். அவர் தன் காலைப் பார்த்தார்.

"காசு வேணும்னா சொல்லு, போயிட்டு வந்து பேசிக்கிடலாம்," என்றார் பெரிய வாப்பா.

"காசு கேக்கல மச்சான். ரேட்டக் கேக்கேன்."

அவர் டீ குடிக்காமல் போனார். யாரும் தடுக்கவில்லை. குழுப் பெண்களில் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம், இப்போது ரேட் எவ்வளவாம் என்று கேட்டாள். உம்மாவே பதில் சொன்னாள்.

நான் கத்த நினைத்ததெல்லாம் எவ்வளவு சின்னது.

11 ஆகஸ்ட், திங்கள்

காலையில் பெரியம்மா ஷரீபுன்னிசா தனியாக வந்தாள். பர்தாவுக்குள்ளிருந்து உம்மாவின் பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தாள். உம்மா பெயரைப் பெரிய வாப்பா குழுவிலிருந்து எடுக்கவில்லை, எடுத்தால் ஊர் என்ன பேசும் என்று அவருக்குத் தெரியாதா என்றாள். உம்மா பணத்தை உம்மாவே வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லி அனுப்பினாராம்.

போகவில்லை. உட்கார்ந்திருந்தாள். பிறகு இன்னொரு பாஸ்போர்ட்டை எடுத்தாள். அவளுடையது.

"கடைக்குப் போனா எனக்கும் சேத்து ரியால் மாத்திக் குடுப்பியா புள்ள? அவங்ககிட்டக் கேட்டா, ஒனக்கென்ன செலவுங்காங்க."

இரண்டு மாடிக்காரி! நான் சிரித்துவிட்டேன். உம்மா என்னை முறைத்தாள்.

நீங்களே வாங்க, உங்கள் பாஸ்போர்ட்டுக்கு நீங்கள்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்றேன். இந்த முறை உம்மா முறைக்கவில்லை.

14 ஆகஸ்ட், வியாழன்

உம்மா, பெரியம்மா, குழுவில் தங்கள் பாஸ்போர்ட்டையும் கேட்டு வாங்கிவிட்ட இன்னும் இரண்டு பேர், நான். கடைக்குள் இடம் பத்தவில்லை. ஜஸ்டின் உம்மாவைப் பார்த்ததும் பன்னிரண்டுக்குத் தர முடியாது என்றார். "நீங்க சொல்லுத ரேட்டச் சொல்லுங்க, நாங்க பாத்துக்கிடுதோம்," என்றாள் உம்மா. நான்கு பேர் சேர்ந்து வாங்குகிறோம் என்று பேரம் பேசிச் சில பைசா குறைத்தாள். பெரிய நோட்டு வேண்டாம், ஐந்தும் பத்தும் ஐம்பதுமாகக் கேட்டாள். பெரிய நோட்டை நீட்டினால் மீதியை வாங்க இன்னொருத்தரை நம்ப வேண்டும் அல்லவா என்றாள். கண்ணாடிக்கு முன்னாலேயே ஒவ்வொன்றாகப் பார்த்து எண்ணினாள், அரபி எண்ணில். ரசீதை வாங்கிப் பையில் வைத்தாள்.

வீட்டுக்கு வந்து உள்பாவாடையில் ஜிப் வைத்துப் பை தைத்தாள். வெள்ளைத் துணி, இரட்டைத் தையல். மாலைக்குள் மற்ற மூன்று பேருக்கும் தைத்துவிட்டாள். கூலி வாங்கினாள். பெரியம்மாவிடமும்.

18 ஆகஸ்ட், திங்கள்

செங்கோட்டை வழியாகத் திருவனந்தபுரத்துக்கு வேன் போய்விட்டது. உம்மா ஜன்னலோரம். பெரிய வாப்பா முன் சீட்டில், திரும்பிப் பார்க்காமல்.

24 ஆகஸ்ட், ஞாயிறு

உம்மாவிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். வாட்ஸ்அப்பில் அவளாகவே அனுப்பிய முதல் மெசேஜ். பின்னால் கூட்டத்தின் இரைச்சல். கஅபாவைப் பார்த்ததும் என்ன கேட்பது என்றே மறந்துபோய் அழுதாளாம். பிறகு எனக்காகக் கேட்டாளாம். அப்புறம் குரல் மாறியது:

"பேரீச்சம்பழக் கடைக்காரன் கிலோவுக்கு முப்பது சொன்னான்ட்டி. முப்பதுன்னா நம்ம ஊருல எழுநூறுக்கு மேல. போடான்னு வந்துட்டேன். பின்னாலயே வந்து இருபதுக்குக் குடுத்தான். பெரிம்மாவுக்கும் நாந்தான் வாங்கிக் குடுத்தேன். பச்ச பெல்ட்டுல இருந்து ஒரு பொம்பளயும் கேக்கல, அவரு சும்மாவே கட்டிக்கிட்டு அலையுதாரு."

பொன்செல்விக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டாவது முறை ஜெபசிங் சாரும் கேட்டார். வாடகைப் பலகை இன்று வெளியே பார்த்தே இருந்தது.

வாப்பா அந்த மெசேஜை எத்தனை முறை கேட்டார் என்று தெரியாது. நான் வேலையிலிருந்து வந்தபோதும் கேட்டுக்கொண்டிருந்தார்.

3 செப்டம்பர், புதன்

உம்மா வந்துவிட்டாள். ஜம்ஜம் தண்ணீர், பேரீச்சை, எனக்கு ஒரு கடிகாரம். இளைத்திருக்கிறாள், கறுத்திருக்கிறாள். நடை மாறியிருக்கிறது, அல்லது எனக்கு அப்படித் தெரிகிறது. மீதி ரியால் கொஞ்சம் இருக்கிறது. கடையில் மாற்றிவிடலாமா என்றேன்.

"விக்கும்போது இருவத்தி நாலும்பான், வாங்கும்போது இருவத்திரண்டும்பான். எங்கிட்டயே இருக்கட்டும். ஏறும்."

அஞ்சல் நிலையத்தில் கணக்கு ஆரம்பிக்க என்ன வேண்டும் என்று கேட்டாள். சேர்ந்து போய் ஆரம்பித்தோம். அவள் பெயரில் மட்டும்.

28 செப்டம்பர், ஞாயிறு

உம்ரா முடித்து வந்ததற்குப் பெரிய வாப்பா வீட்டில் விருந்து. நானும் உம்மாவும் போகவில்லை. வாப்பா மட்டும் நொண்டிக்கொண்டே போனார். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். உம்மா மெஷினில் தைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணன் கேட்டாங்க. பொருந்திக்கிட்டியான்னு. அவங்களுக்குத் தூக்கம் இல்லையாம்."

மெஷின் நிற்கவில்லை. ஒரு ஓரத்தைத் தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்த பிறகு உம்மா கேட்டாள்:

"இன்னைக்கு ரேட்டு எவ்வளவு?"

நான் ஃபோனை எடுக்கப் போனேன். உம்மா கையால் வேண்டாம் என்றாள். வாப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாப்பா சட்டைப் பையில் கண்ணாடியைத் தேடினார். மாட்டினார். ஃபோனைத் தூரத்தில் பிடித்து, பக்கத்தில் பிடித்து, ஒரு விரலால் தட்டித் தேடினார். நேரம் ஆனது. யாரும் உதவவில்லை.

"இருவத்தி மூணு ரூவா," என்றார். "அறுவது பைசா."

உம்மா அடுத்த துணியை மெஷினில் வைத்தாள்.

"ம். இனி ஒவ்வொரு வருஷமாச் சொல்லுங்க. நீங்க போன வருஷத்துலேர்ந்து."

வாப்பா ஆரம்பித்தார்.